அய்யா வாங்கிக் கொடுத்த வேகம்

போன மாதம் அண்ணன் பேத்திக்கு டேபிள் டென்னிஸ் பேட் வாங்க மதுரையில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். பிள்ளை கொஞ்ச காலமாக ஆடுகிறாள், நன்றாகத் தேறி வருகிறாள், இனி அவளுக்கென்று நல்ல பேட் வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர் சொல்லிவிட்டாராம். நம் காலத்தில் பேட் என்றால் பேட். இப்போது கட்டை தனி, ரப்பர் தனி, அதிலும் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. கடைக்காரத் தம்பி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, இது வேகம், இது அதைவிட வேகம் என்று அடுக்கிக்கொண்டே போனான். அண்ணன் மகன் இருப்பதிலேயே வேகமானதைப் பிள்ளை கையில் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டான். அவள் பேட்டைப் பார்க்கவே இல்லை. அப்பன் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்று தலையாட்டினாள்.

அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லி, ஒன்றும் வாங்காமல் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணன் மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அத்தைக்கு வயசாகிவிட்டது, புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும். என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம். எனக்குப் பயம் வந்துவிட்டது. மூட்டு தேய்ந்து, தலை நரைத்த பிறகு, ஏசி போட்ட கடையில் நின்றுகொண்டிருந்த எனக்கு உள்ளங்கை வேர்த்து ஒழுகியது. அந்த வேர்வை எனக்குப் பழக்கமான வேர்வை.

பாலம் ஏறி ராமேஸ்வரம் போவதற்கு முன்னால் வருகிற மண்டபம்தான் நாங்கள் வளர்ந்த ஊர். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டை விட்டுவிட்டு வந்த அய்யா, அங்கே ஓர் ஐஸ் கம்பெனியில் ஹெட் மெக்கானிக்காக இருந்தார். கம்பெனிக்குப் பின்னாலேயே வீடு. அம்மோனியா வாடைதான் எங்கள் வீட்டு வாசம். கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் எங்களுக்குக் காதில் விழாது, அது நின்றால்தான் விழும். நின்ற மறுநொடி அய்யா சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவார்.

அவர் எங்களை அடித்ததே இல்லை. இதைச் சொன்னால், அப்புறம் எதற்குப் பயந்தாய் என்று கேட்பீர்கள். அதற்கு அண்ணனுடைய பூட்ஸ் கதையைச் சொல்ல வேண்டும்.

அண்ணன் பந்து பித்துப் பிடித்தவன். கால்பந்து என்றால் சாப்பாடு வேண்டாம். அவனுக்காக அய்யா ராமநாதபுரம் போய் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்தார். தோல் பூட்ஸ், அடியில் குமிழ் வைத்தது. அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போவான், அங்கே போய்க் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் ஆடுவான். ஒருநாள் அய்யா அந்த வழியாக வந்தவர் பார்த்துவிட்டார். கடிக்குதுய்யா என்றான் அண்ணன். அய்யா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பூட்ஸ் ஐஸ் வண்டிக்காரர் மகன் காலில் இருந்தது. அம்மா வாய் திறந்து கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"பொருளக் கொற சொல்றவன் தொழில் தெரியாதவன். இனி இந்த வீட்டுல பந்துப் பேச்சு கெடையாது."

கிடையாதென்றால் கிடையாதுதான். அண்ணன் அப்புறம் மைதானத்துப் பக்கம் போகவில்லை. படிப்பிலும் மனசு ஒட்டவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதே கம்பெனியில் ஐஸ் உடைக்கப் போனான். அய்யாவும் அவனும் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தார்கள். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு வாய்த்தது டேபிள் டென்னிஸ். பள்ளிக்கூடத்தை ஒட்டி, அரசாங்க ஊழியர்கள் மாலையில் வந்து ஆடுவதற்கென்று ஒரு கூடம் இருந்தது. அவர்கள் வருவதற்கு முன்னால் பிள்ளைகள் ஆடிக்கொள்ளலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் பந்து மேஜையில் நிற்காது, மூடினால் மூச்சு முட்டும். மூடிவிட்டுத்தான் ஆடுவோம். உப்புக் காற்றில் நெட் கம்பி துருவேறி, தொட்டால் கையோடு வரும். மேஜையில் ஒரு மூலை மழை ஒழுகி ஊறிப்போய், அங்கே விழுந்த பந்து செத்த பல்லி மாதிரி கிடக்கும். இருந்த பேட்டெல்லாம் பொது பேட்தான். மேலே புள்ளி புள்ளியாக ரப்பர், அடியில் ஸ்பாஞ்ச் கிடையாது, கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும்.

அந்த பேட்டில்தான் நான் ஆடக் கற்றேன். ஓங்கி அடிக்கத் தெரியாது. ஆனால் எதை அடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அனுப்பிக்கொண்டே இருந்தால் எதிரில் இருப்பவளுக்குப் பொறுமை போய், அவளே வெளியே அடித்துத் தொலைப்பாள்.

என்னோடு தினமும் ஆடியவள் முகாம் அக்கா. கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னாரிலிருந்து படகில் வந்து அகதி முகாமில் இருந்த குடும்பம். இடையில் படிப்பு விட்டுப்போனதால், என்னைவிட மூத்தவளாக இருந்தும் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். படகில் வரும்போது துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த பழைய பேட் ஒன்று அவளிடம் இருந்தது. அதுவும் புள்ளி ரப்பர்தான், ஓரமெல்லாம் தேய்ந்தது. முகாமில் ஆள் கணக்கெடுப்பதற்குள் திரும்ப வேண்டும் என்பதால், ஒரு கண் பந்திலும் ஒரு கண் வெயிலிலும் வைத்துத்தான் ஆடுவாள்.

டிரில் வாத்தியார் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆயுத பூஜை முடிந்ததும் ராமநாதபுரத்தில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், இரண்டு பேரும் போகலாம் என்றார். எங்கள் வீட்டுக்கு வந்து அய்யாவிடமும் சொன்னார். பிள்ளை சுவர் மாதிரி நிற்கிறாள், சொந்தமாக ஒரு ஸ்பாஞ்ச் பேட் வாங்கிக் கொடுத்தால் எங்கேயோ போய்விடுவாள் என்றார். அய்யா அதை மோட்டார் மாற்றுகிற விஷயம் போல உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான், எது ரொம்ப வேகம் என்பது.

கீழக்கரையில் அய்யாவுக்கு ஒரு சேக்காளி உண்டு. துபாயில் வேலை பார்த்தவர், நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஊருக்கு வரும்போது, இருப்பதிலேயே வேகமான பேட்டாக ஒன்று வாங்கி வரச் சொல்லி அய்யா எழுதிப் போட்டார். ஆவணியில் மாமா வந்தார். பெட்டியைத் திறந்ததும் பசையும் புது ரப்பரும் கலந்த ஒரு வாசம். ஒரு பக்கம் ரத்தச் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. விரலை வைத்தால் ரப்பர் விரலைப் பிடித்துக்கொள்ளும்.

"சாம்பியன்மாருக ஆடுறதாம் மச்சான். கடைக்காரன் அடிச்சுச் சொல்லிட்டான். மாஷா அல்லாஹ், நம்ம புள்ளைக்கு என்ன கொறச்சல்" என்றார் மாமா.

அய்யாவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று மாலையே கூடத்துக்கு வந்தார். கையெல்லாம் கிரீஸ், செருப்பெல்லாம் எண்ணெய், அதனால் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். நான் எப்போதும் போல பந்துக்கு பேட்டைக் காட்டினேன். படீரென்று ஒரு சத்தம். பந்து மேஜையைத் தொடாமல் எதிர்ச் சுவரில் போய் அடித்துத் திரும்பியது. வாசலில் நின்றவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். அய்யா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, எப்படி இருக்குத்தா என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நல்லாருக்குய்யா என்றேன்.

அன்றைக்குத் தொடங்கியது. மெதுவாகத் தொட்டாலும் பந்து பறந்தது. சுழற்றி வருகிற சர்வீஸ் என் பேட்டில் பட்டதும் தன் இஷ்டத்துக்கு எங்காவது போனது. நேற்று ஆட வந்த சின்னப் பிள்ளைகளிடம்கூடத் தோற்றேன். டிரில் வாத்தியார், பேட்டில் தப்பில்லை, உன் கைதான் பயப்படுகிறது, பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தேறி வருகிற பிள்ளைக்கு அடங்குகிற பேட் வேண்டும், வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை இன்றைக்குக் கடைக்காரப் பையனே சொல்லிவிடுவான், கேட்டால். அன்று எங்கள் ஊரில் அதைச் சொல்ல ஓர் ஆளில்லை.

ஒருநாள் முகாம் அக்கா அந்த பேட்டை வாங்கி ஆடிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது எனக்கும் ஏலாது. நான் கையை நீட்ட முந்தியே பந்து ஓடிப்போகுது. நீ என்ரய வச்சு ஆடு" என்று தன்னுடையதை நீட்டினாள்.

நான் தொடவில்லை. அய்யாவின் மொபெட் எந்த நேரமும் வாசலில் வந்து நிற்கும். அப்படியென்றால் அப்பாவிடம் சொல்லிவிடு என்றாள். சொன்னால் ஆட்டமே போய்விடும் என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. படகில் கடல் தாண்டி வந்தவள், ஒரு பேட்டுக்காக ஒரு பிள்ளை இப்படி நடுங்குவதைப் பார்த்து என்ன நினைத்தாளோ.

வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்துபோய், வாசலில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு வந்து, உன் அண்ணன் கதையை மறந்துவிட்டாயா என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அய்யாவோ கம்பெனிக்கு வருகிற போகிற எல்லாரிடமும், எம்மக மாவட்டத்துக்கு ஆடப் போகுது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐஸ் ஏற்ற வந்த வண்டிக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருடைய பெருமை கூடக் கூட எனக்குக் காய்ச்சல் வருவது போல இருந்தது. மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டதும் உள்ளங்கை வேர்த்துவிடும், பாவாடையில் துடைத்துக்கொள்வேன். சோறு இறங்காது. தூங்கி எழுந்ததும் முதலில் ஞாபகம் வருவது அந்தச் சிவப்பு ரப்பர்தான். ஆட்டத்தில் தோற்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தோற்றபின், பேட் பிடிபடவில்லை என்று அவருக்குத் தெரியவரும். அப்புறம் இந்த வீட்டில் டேபிள் டென்னிஸ் பேச்சும் கிடையாது என்று ஆகிவிடும். நானும் அண்ணனைப் போல வாயடைத்து ஒரு மூலையில் நிற்பேன் என்று நினைத்து நினைத்து நடுங்கினேன்.

ஆயுத பூஜை வந்தது. ஐஸ் கம்பெனியில் அதுதான் பெரிய திருநாள். கம்ப்ரசருக்கு மாலை, மோட்டாருக்குப் பட்டை, ஸ்பேனர், சம்மட்டி, ஐஸ் உடைக்கிற குத்தூசி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அந்த வருஷம் அய்யா வீட்டுக்கு வந்து என் பேட்டையும் எடுத்துப் போனார். ஸ்பேனர்களுக்கு நடுவில் அதை வைத்து, மூன்று விரலால் சந்தனத்தை வழித்து, சிவப்புப் பக்கம் முழுக்கப் பட்டையாக இழுத்தார். போதவில்லை என்று இன்னொரு தரம் பூசினார். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. கறுப்புப் பக்கத்திலும் ஒரு பொட்டு. நெற்றிக்கு வைப்பதைவிடப் பதமாக வைத்தார். எனக்கு அழுகை வந்தது. ரப்பர் கெட்டுவிடும் என்று தெரியும். பூஜை போட்ட பொட்டை நாமாக அழிக்கக் கூடாது என்பதும் தெரியும். கம்பெனி ஸ்பேனரில் வைத்த சந்தனம் கிரீஸ் பட்டுத் தானாகப் போகிறவரை யாரும் துடைக்க மாட்டார்கள்.

விஜயதசமி கழித்து, பயந்துகொண்டே ஆடப் போனேன். முதல் அடியில் சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உதிர்ந்தது போக, மிச்சம் ரப்பரில் ஊறிக் காய்ந்து, பட்டுப்போல வழவழவென்று ஆகியிருந்தது. பந்து பட்டது. பறக்கவில்லை. பொத்தென்று நெட்டைத் தாண்டி, நான் நினைத்த இடத்தில் விழுந்தது. இன்னொரு பந்து. அதுவும் விழுந்தது. சுழற்றிப் போட்ட சர்வீஸ்கூட அந்தப் பக்கத்தில் பட்டதும் கொட்டமடங்கிப் போனது. பழைய பொது பேட் என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. கறுப்புப் பக்கத்தை நான் தொடவே இல்லை.

உங்கட சாமி பேட்டைத் திருத்திப்போட்டுது என்று முகாம் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வாசலில் வந்து நின்று பார்த்த அய்யா, நல்ல பொருள் நல்ல பொருள்தான் என்று டிரில் வாத்தியாரிடம் சொன்னார். பயம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. சந்தனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. ராமநாதபுரம் போகிறவரை அது தாங்க வேண்டுமே என்று பேட்டை யாரும் தொடாமல், துணியில் சுற்றிப் பொத்திப் பொத்தி வைத்தேன்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற நாளில் அய்யா லீவு போட்டுவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்தார். முகாம் அக்காவும் அனுமதி வாங்கி எங்களோடு வந்தாள். அவள் ஆட்டம் முதலில் முடிந்தது, ஜெயித்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். என் முறை வந்தது. நடுவர் பேட்டை வாங்கிப் பார்த்தார். விரலால் தேய்த்தார். விரலில் மஞ்சளாக ஒட்டியது. மூக்கில் வைத்துப் பார்த்தார்.

ரப்பரில் எதையும் பூசக் கூடாது, சுத்தமாகத் துடைத்துவிட்டு வா, இல்லையென்றால் வேறு பேட் எடுத்து வா என்றார். அய்யா எழுந்து வந்தார். சாமிக்கு வைத்தது என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார். நடுவர் நல்ல மனுஷர், எனக்கும் சாமி உண்டு, ஆனால் விதி விதிதான் என்றார். அய்யா கொஞ்சம் யோசித்தார். பிறகு குழாயடிக்குப் போய்க் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்தார். எனக்காகச் சாமி குற்றத்தையும் தாங்கிக்கொள்ள முடிவு செய்துவிட்டார்.

பேட்டின் மேல் அந்த ஈரத் துணி படுவதற்கு முன்னால் எப்படி வாய் திறந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"தொடைக்காதீங்கய்யா."

"குத்தம்லாம் வராதுத்தா. நான் பாத்துக்கிறேன்."

"அதுக்கில்ல. இது எனக்கு ரொம்ப வேகம். சந்தனம் இருக்கப் போயித்தான் ஆட முடிஞ்சுச்சு. தொடச்சா ஒரு பந்து நிக்காது."

அய்யாவின் கை அப்படியே நின்றது. கைக்குட்டையிலிருந்து தண்ணீர் சிமெண்ட் தரையில் சொட்டியது. இதோ இப்போது பெட்டியை மூடுவார், கிளம்பு என்பார் என்று காத்திருந்தேன்.

"எப்பருந்து?"

"வாங்குன அன்னைல இருந்து."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்கு, பேட்டுக்கா?"

"உங்களுக்குத்தான்யா பயந்தேன்."

கம்ப்ரசர் நின்றால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுகிற மனுஷர், நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நடுவர் நேரமாகிறது என்று சொன்னதும்தான் அவருக்கு நினைவு வந்தது. பெஞ்சுக்குப் போய், முகாம் அக்காவின் முன்னால் குனிந்து, "தாயி, ஒன் பேட்ட எம்மகளுக்குக் கொஞ்சம் குடுப்பியா?" என்று கேட்டார். அவள் எழுந்து ஓடி வந்து என் கையில் வைத்தாள். கைப்பிடி அவள் கைச் சூட்டோடு இருந்தது.

முதல் கேமைத் தோற்றேன். அடுத்த இரண்டையும் ஜெயித்தேன். மாலையில் எங்கள் இருவர் பெயரையும் வாசித்தார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் ஆடினேன், எத்தனையோ பேட் பிடித்தேன். அக்கா குடும்பம் பின்னாளில் கப்பலேறி ஊருக்குத் திரும்பிவிட்டது. இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை. துபாய் பேட்டும் வீடு மாறுகையில் எங்கேயோ போய்விட்டது.

அன்று திரும்பி வந்த பஸ்ஸில் ஜெயித்த சந்தோஷம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. அய்யா பேட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். உச்சிப்புளி தாண்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்ஸ் விஷயத்திலும் அவர் முதலில் இப்படித்தான் பேசாமல் இருந்தார். மண்டபத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கம்பெனிக்குள் நடந்தார். என்ன நடக்கப் போகிறதோ என்று பதறி நான் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே அண்ணன் ஐஸ் பாளத்தை உடைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துக் குத்தூசியை நிறுத்தினான். கம்ப்ரசர் சத்தத்தில் அய்யா கத்திப் பேச வேண்டியிருந்தது.

"ஏலே, அந்த பூட்ஸு எங்கன கடிச்சுச்சு?"

அண்ணனுக்குப் புரியவில்லை. பூட்ஸ் போய் வருஷக்கணக்காகியிருந்தது. அய்யா மறுபடியும் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைத் தூக்கி மரப்பெட்டியின் மேல் வைத்து, சுண்டுவிரலைக் காட்டினான்.

அய்யா வெள்ளைச் சட்டையோடு ஐஸ் தண்ணீரில் குத்தவைத்து உட்கார்ந்து, அந்த விரலை வெகுநேரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.